ஐந்து பாகை

சுகந்தினி ஆறு மணி பஸ்ஸைப் பிடித்த பிறகு
வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.
பாய், மடித்த பழைய பெட்சீற்,
நல்லெண்ணெய், சுவர் மணிக்கூடு.
கையைத் தேய்த்துச் சூடாக்குகிறேன்.
எவ்வளவு கழுவினாலும்
நகக்கண்ணில் கிறீஸ் இருக்கத்தான் செய்யும்.
ஆரூஷுக்கு அதைக் கண்டால் சிரிப்பு.

அவன் வலது காலைப் பற்றினால்
உள்ளே ஆரோ எதிர்ப்பக்கம் இழுப்பார்கள்.
கயிறிழுத்தல்.
அந்த அணியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

முதல் மாதம் பிழை விட்டேன்.
துருப்பிடித்த நட்டுகளோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவன்,
இறுகினால் இன்னும் அழுத்துவேன், அதுதான் பழக்கம்.
தர்மிலா மிஸ் ஸ்கூட்டியை நிறுத்தி
ஹெல்மெற்றோடு வாசலில் நின்றே கண்டுவிட்டா.
"இது நட் இல்லை, அண்ணை.
நீங்கள் பலம் காட்டினால் அதுவும் காட்டும்.
பிடிச்சுக்கொண்டு இருங்கோ.
முப்பது எண்ணுங்கோ.
அதுவாய் அலுத்து விட்டுடும்."

ஒன்று. இரண்டு. மூன்று.
பதினொன்றில் படலையடியில் மணிச் சத்தம்,
பள்ளிக்கூடம் போகிற பெடியன், காற்றுப் போன சில்லு.
"பம் வெளியில கிடக்குது, அடிச்சுக்கொண்டு போ!"
கத்தி முடிய, எந்த இலக்கத்தில் விட்டேன் என்று தெரியாது.
ஆரூஷுக்குத் தெரியும்.
வாய் கோணி, கழுத்து ஒருபக்கம் போய்
"ப..." என்பான்.
பன்னிரண்டா, பத்தொன்பதா?
நான் பன்னிரண்டிலிருந்து தொடங்குவேன்.
அவனுக்கு வருகிற கோபத்தைப் பார்த்தால்
பத்தொன்பதாய்த்தான் இருக்க வேணும்.

நிற்கிற சட்டத்துக்குக் கொழும்பில் விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.
இரண்டு பழைய லுமாலாவை அறுத்து ஒட்டினேன்.
நெஞ்சுக்கு சீற் தோல், முழங்காலுக்கு ரியூப் பட்டி.
மிஸ் ஒவ்வொரு முனையையும் விரலால் தடவி
"இந்த இடத்தை அராவுங்கோ" என்றா, அவ்வளவுதான்.
ஏழு வருஷமாய்க் கூரையைப் பார்த்துக் கிடந்தவன்
அதில் நின்று யன்னலுக்கு வெளியே பார்த்தான்.
ஒரு கோழி போனது.
அது போய் மறைந்த பிறகும் பார்த்தான்.

போன ஆவணியில் பக்கத்து வளவில் கலியாணம்.
தாலி கட்டுகிற நேரம் சீனவெடி கொளுத்தினார்கள்.
இருபத்தைந்தில் இளகி வந்த கால்
இரும்பாய் நிமிர, முதுகு வில்லாய் வளைந்தது.
சத்தத்துக்கு அவனைக் கேளாமல் உடம்பு துள்ளும்,
மூளை அப்படி, மிஸ் சொல்லித் தந்திருக்கிறா.
சரி.
நான் ஏன் கட்டிலுக்குக் கீழே தலையைக் கொடுத்தேன்?
தொண்ணூற்றைந்தில் நாவற்குழிப் பாலம் கடக்க
எனக்குப் பதினொரு வயது.
அதற்கு ஒரு டொக்டரும் பெயர் எழுதித் தரவில்லை.
பாயில் அவன், சிமெந்தில் நான்.
இளகி வர இரண்டு பேருக்கும் ஒரே அளவு நேரம் எடுத்தது.
முதலில் சிரித்தது அவன்.

நேற்று மிஸ் அந்தப் பிளாஸ்டிக் பாகைமானியைக்
கணுக்காலில் வைத்துப் பார்த்தா.
நாலு மாதத்துக்கு முந்தி எழுதியதைப் புரட்டினா.
"ஐந்து பாகை கூடியிருக்கு, அண்ணை!"
ஓம் என்றேன்.
ஐந்து என்றால் எவ்வளவு என்று கேட்க வெட்கம்.

பின்னேரம் கடையில் கோட்டம் எடுக்க ஒரு சில்லு தொங்கியது.
முப்பத்தாறு கம்பி. வட்டத்துக்கு முந்நூற்றறுபது.
ஒரு கம்பிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து.
அதில் பாதி.
விளிம்புப் பக்கமாய் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன்.
கொண்டது.
எடுக்காமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, வேலை முடிஞ்சுதோ?"
சைக்கிளுக்குச் சொந்தக்காரர் சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து
வெய்யிலில் நடந்து வந்திருந்தார்.

இன்னும் இல்லை, என்றேன்.